சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெடும் வேகத்தை மெட்டபோலைட் வழியே படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் இந்த ஆய்வில் இறங்கும் முதுகலை மாணவர்களும் லேப் டெக்னீசியன்களும், ஆய்வில் சேரும் நோயாளிகளின் வீட்டாரும் கேட்பவை இவை. முதல் சில பதில்கள் வீட்டாருக்கு. மற்றவை பிப்பெட் பிடிப்பவர்களுக்கு.

மெட்டபோலைட் என்றால் என்ன?

சாப்பிட்டதை உடல் உடைக்கும்போதும், வேண்டியதைக் கட்டும்போதும் உண்டாகிற சிறு மூலக்கூறுகள். குளுக்கோஸ், யூரியா, லாக்டேட், அமினோ அமிலங்கள் எல்லாம் இதில் அடங்கும். தமிழில் வளர்சிதைமாற்றப் பொருள் என்று எழுதுவார்கள். லேபில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் இங்கேயும் மெட்டபோலைட்தான். சில சொட்டு பிளாஸ்மாவிலோ சிறுநீரிலோ நூற்றுக்கணக்கான இந்தப் பொருட்களை ஒரே ஓட்டத்தில் அளந்து வைத்தால் அது ஒரு புரொஃபைல்.

கிரியாட்டினினும் யூரின் அல்புமினும் ஏற்கெனவே பார்க்கிறோமே, இது எதற்கு?

ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின், சிறுநீரில் கசியும் புரதமான அல்புமின் இரண்டும் நல்ல அளவைகள்தான், ஆனால் இரண்டுமே தாமதமாகப் பேசுகிறவை. கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர் சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும். ஏன் குறைகிறது என்று சொல்லாது. சிறுநீரில் அல்புமின் கிரியாட்டினின் விகிதம் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மி.கி.க்குக் கீழே இருப்பவர்களிலும் ஒரு பகுதியினருக்கு வடிகட்டும் திறன் சரிகிறது. இதே விகிதம் 300ஐத் தாண்டிய இருவரில் ஒருவர் பத்து வருடம் தாக்குப்பிடிப்பார், இன்னொருவர் நாலு வருடத்தில் டயாலிசிஸுக்கு வந்துவிடுவார். இந்த இருவரையும் முன்கூட்டியே பிரித்துக் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. 'முடியும்' என்று சொல்லும் எந்தப் புது மார்க்கரும் இஜிஎஃப்ஆரும் அல்புமினும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே சேதியைப் பல மடங்கு செலவில் திருப்பிச் சொல்வதால் யாருக்கும் லாபமில்லை.

எங்க அப்பாவுக்குப் பத்து வருஷமா சுகர். இந்த டெஸ்டை எடுத்துவிடலாமா?

வேண்டாம். இது இன்னும் ஆய்வுக்கூடத்து வேலை. இதன் முடிவைப் பார்த்து மருந்தை மாற்றும் வழிமுறை எதுவும் நடைமுறையில் இல்லை. அப்பாவுக்கு வேண்டியது வருடம் ஒரு முறையாவது சீரம் கிரியாட்டினின், கூடவே சிறுநீரில் அல்புமின் கிரியாட்டினின் விகிதம். இரண்டாவதைப் பலர் எடுப்பதே இல்லை. 'யூரின் ரொட்டீன்' எடுத்தாச்சே என்பார்கள். அதிலுள்ள பட்டைச் சோதனை அல்புமின் நன்றாக ஏறிய பிறகுதான் நிறம் மாறும். 30 முதல் 300 வரையிலான கட்டத்தைப் பெரும்பாலும் கோட்டைவிட்டுவிடும். விகிதம் கூடி வந்தால் பதற வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தின நாள் கடும் உழைப்பு, கட்டுப்படாத சர்க்கரை எதுவும் அதை ஏற்றிவிடும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டு முறை கூடுதலாக இருந்தால்தான் கணக்கு.

இந்த வட்டாரத்தில் இதற்குத் தனிக் கவனம் ஏன்?

இரண்டு காரணம். 2023இல் வெளியான நாடு தழுவிய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வில் பெரியவர்களில் சர்க்கரை உள்ளவர்களின் நாட்டுச் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாடு 14.4, புதுச்சேரி 26.3. கோவாவுக்கு மட்டும்தான் இதைவிட ஒரு துளி கூடுதல். நாலு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் சிறுநீரகப் பிரிவில் வரிசை நீளாமல் என்ன செய்யும்.

இரண்டாவது காரணம் ஆய்வாளரின் காலை வாரக்கூடியது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ காரணமென்று சொல்ல முடியாத சிறுநீரக நோய் ஒன்று புதுச்சேரியிலும் அதை ஒட்டிய தமிழகப் பகுதியிலும் வயல்வேலை செய்பவர்களிடையே இருப்பதைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை மருத்துவர்கள் 2020இல் பதிவு செய்து, தொண்டைமண்டல நெஃப்ரோபதி என்று பெயரிட்டார்கள். இதில் சிறுநீரில் புரதம் அதிகம் போகாது. வடிகட்டிகளைவிட நுண்குழாய்களும் அவற்றைச் சூழ்ந்த திசுவும்தான் முதலில் அடிபடும். இப்போது பாகூர் பக்கத்து விவசாயத் தொழிலாளி ஒருவருக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை, கிரியாட்டினின் 2.1, அல்புமின் விகிதம் 25, விழித்திரையில் பாதிப்பில்லை என்று வையுங்கள். இவரை 'அல்புமின் இல்லாத சர்க்கரைச் சிறுநீரக நோய்' என்ற பெட்டியில் போட்டால் உங்கள் புரொஃபைலில் தெரிவது வேறொரு நோயின் கையெழுத்தாக இருக்கலாம். தொழில், வெயிலில் நிற்கும் நேரம், வலி மாத்திரைப் பழக்கம், விழித்திரைப் பரிசோதனை நான்கும் படிவத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

எந்தெந்தப் பொருட்கள் அடிக்கடி பேசப்படுகின்றன?

முதல் கூட்டம் குடலில் பிறப்பவை. டைரோசினைக் குடல் பாக்டீரியா பாராகிரெசால் ஆக்கும், டிரிப்டோபேனை இண்டோல் ஆக்கும். கல்லீரல் அவற்றில் சல்ஃபேட்டைச் சேர்த்து பாராகிரெசில் சல்ஃபேட், இண்டாக்சில் சல்ஃபேட் என்று ரத்தத்தில் விடும். ஃபினைல்அசெட்டில்குளூட்டமின் அதே குடும்பம். இவை வெளியேறச் சிறுநீரக நுண்குழாய் வேலை செய்ய வேண்டும்.

பாஸ்டனின் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தார் 2014இல் வெளியிட்ட வேலையை ஒரு முறையாவது படித்துவிடுங்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் 8 முதல் 12 வருடத்துக்குள் சிறுநீரகம் செயலிழந்த 40 பேர், செயலிழக்காத 40 பேர். தொடக்கத்தில் எடுத்து வைத்த பிளாஸ்மாவிலேயே பாராகிரெசில் சல்ஃபேட், ஃபினைல்அசெட்டில்குளூட்டமின், சூடோயூரிடின் போன்றவை செயலிழந்தவர்களிடம் கூடுதலாக இருந்தன.

இரண்டாவது கூட்டம் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சம்பந்தப்பட்டது. 2013இல் வந்த ஓர் ஆய்வு, சிறுநீரில் அளந்த 94 பொருட்களில் 13 மட்டும் சர்க்கரைச் சிறுநீரக நோயாளிகளிடம் தெளிவாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை மைட்டோகாண்ட்ரியா வழியோடு தொடர்புடையவை. நுண்குழாய்ச் செல்லின் உலை மங்குகிறது என்று வாசித்தார்கள். 2023இல் சிறுநீரில் அடினின் கூடுவது, அல்புமின் ஏறாதவர்களிடமும் பின்னால் வரும் சரிவைக் காட்டியதாக முடிவு வந்தது. பட்டியல் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். சூடோயூரிடின் அப்படி வருகிற ஒன்று.

ரத்தமா, சிறுநீரா?

முடிந்தால் ஒரே காலையில் இரண்டும். ரத்தத்தில் ஒன்று கூடியிருந்தால் உற்பத்தி கூடியதா, வெளியேற்றம் குறைந்ததா என்று ரத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சிறுநீரையும் பார்த்தால் பாதி குழப்பம் தீரும்.

ரத்தம் எடுக்கும்போது எங்கே கெடுகிறது?

இந்த வேலையில் கெடுவதில் பெரும்பங்கு, மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக் மெஷினுக்கு வருவதற்கு முன்பே கெட்டுவிடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறோம்.

ஊதா மூடி இடிடிஏ டியூப் எடுத்தால் கடைசி நோயாளி வரை அதே டியூப், முடிந்தால் அதே கம்பெனி, அதே லாட். பாதியில் பச்சை மூடி ஹெப்பாரினுக்கு மாறினால் இரண்டு குழுக்களுக்கிடையே தெரியும் வித்தியாசம் டியூப்பின் வித்தியாசமாகிவிடும். சர்க்கரைக்கு எடுக்கும் சாம்பல் மூடி டியூப் ஆகாது. அதிலுள்ள ஃப்ளூரைடும் ஆக்சலேட்டும் குறுக்கே நிற்கும். நீல மூடியில் சிட்ரேட் இருப்பதால் நோயாளியின் சிட்ரேட்டை அளக்க வழியே இல்லை. ஜெல் போட்ட டியூப்பும் வேண்டாம், ஜெல்லிலிருந்து கசிவது மெஷின் வரைபடத்தில் தனிப் பீக்காக (முகடாக) எழும்.

கைப்பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்காதீர்கள். 'கையை மூடித் திறங்க' என்று சொல்லும் பழக்கத்தையும் விடுங்கள், லாக்டேட் ஏறும். டியூப்பை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, ஐஸ் தண்ணீரில் நிறுத்துங்கள். ஐஸ்கட்டியில் நேராகச் செருகாதீர்கள், டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) பக்கமே கொண்டுபோகாதீர்கள். முழு ரத்தம் உறைந்தால் சிவப்பணு உடைந்து எல்லாம் ஒன்றாகிவிடும்.

அரை மணி நேரத்துக்குள், அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள், 4 டிகிரியில் 2,000 ஜி (புவியீர்ப்பின் 2,000 மடங்கு) வேகத்தில் 10 நிமிடம் சுற்ற வேண்டும். ஏன் அவசரம்? டியூப்புக்குள் இருக்கும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதக் குளுக்கோஸ் குறையும். 150 இருந்தது மூன்று மணி நேரத்தில் 125 பக்கம் வந்து நிற்கும்; அந்த அளவுக்கு லாக்டேட் ஏறியிருக்கும். சிவப்பணுவிலுள்ள ஆர்ஜினேஸ் நொதி ஆர்ஜினினை ஆர்னிதினாக மாற்றும். ஹைப்போசாந்தின் ஏறும். ஆர்ஜினின் குறைந்து ஆர்னிதின் கூடியதைப் பார்த்து 'நைட்ரிக் ஆக்சைடு வழி பாதிப்பு' என்று கட்டுரை எழுதுமுன், அந்த டியூப் மேசையில் எத்தனை நேரம் கிடந்தது என்று பாருங்கள்.

சுற்றிய பிறகு மேலே நிற்கும் பிளாஸ்மாவை முழுக்க உறிஞ்ச ஆசைப்படாதீர்கள். செல் படலத்துக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டுவிட்டு எடுத்து, 200 மைக்ரோலிட்டர் வீதம் நாலைந்து குப்பிகளாகப் பிரித்து −80 டிகிரியில் வையுங்கள். உருக்கி உறைய வைப்பது ஒரு முறைக்கு மேல் போகக் கூடாது. இளஞ்சிவப்பாகத் தெரியும் பிளாஸ்மாவைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

கடலூரில் எடுத்துப் புதுச்சேரி கொண்டுவந்து சுற்றினால் ஆகாதா?

தூரம் சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் காலை நேரப் போக்குவரத்தில் அது ஒரு மணி நேரம், நோயாளிகள் முடியும் வரை காத்திருந்தால் மூன்று. சின்ன மேசை சென்ட்ரிஃபியூஜ் ஒன்றைக் கடலூரிலேயே வைத்து, அங்கேயே பிளாஸ்மாவைப் பிரித்து, டிரை ஐஸில் ஏற்றி அனுப்புங்கள். தெர்மோகோல் பெட்டியின் மூடியைக் காற்றுப் புகாமல் டேப் சுற்றி அடைக்காதீர்கள். வாயு வெளியேற வழியில்லாவிட்டால் பெட்டி வெடிக்கும். காரில் வைத்தால் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவையுங்கள்.

ஒவ்வொரு டியூப்புக்கும் மூன்று நேரம் எழுதுங்கள்: ஊசி குத்தியது, சுற்றத் தொடங்கியது, ஃப்ரீசரில் வைத்தது. '6.42, 7.05, 7.31' என்று ஒரு வரி போதும். இரண்டு வருடம் கழித்து ஒரு சாம்பிள் மட்டும் கூட்டத்தை விட்டு விலகி நிற்கும்போது இந்த மூன்று எண்கள்தான் கை கொடுக்கும். எல்லா வரியிலும் 'காலை 7' என்று மட்டும் இருந்தால் அந்தத் தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வெறும் வயிறு என்றால் காபி குடிக்கலாமா? மீன்?

இந்த ஊரில் வெறும் வயிறு என்றால் இட்லி சாப்பிடவில்லை என்று அர்த்தம். விடியற்காலைக் காபி அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஆகவே 'சாப்பிட்டீர்களா' என்று கேட்காமல், 'தண்ணீர் தவிர எதாவது குடித்தீர்களா' என்று கேளுங்கள். காபி குடித்திருந்தால் அதிலுள்ள டிரைகோனெலின் சொல்லிவிடும். காபி, டீ, பழங்களால் ஹிப்யூரேட் ஏறும். சோடியம் பென்சோயேட் போட்ட பாட்டில் ஊறுகாயும் குளிர்பானமும்கூட ஹிப்யூரேட்டாகத்தான் வெளியே வரும். வெற்றிலை பாக்கும் புகையிலையும் தங்கள் பீக்கைத் தவறாமல் போடும்.

மீன்தான் பெரிய விஷயம். கடல்மீனில் டிஎம்ஏஓ என்ற பொருள் இயல்பாகவே நிறைய உண்டு. டிஎம்ஏஓ சிறுநீரக நோயில் ஏறும் என்று சொல்லும் கட்டுரைகள் ஏராளம். மீன் அரிதாகச் சாப்பிடும் ஊர்களில் அது பெரிய இடைஞ்சல் இல்லை. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களில் முந்தின ராத்திரி சங்கரா குழம்பு, நெத்திலிக் கருவாடு சாப்பிட்டவரிடம் எடுத்தால் பத்து மடங்கு எகிறியிருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர் ஒரு நாளில் வெளியேற்றிவிடுவார்; மெலிந்த சிறுநீரகத்தில் அது தங்கும். இரண்டு நாள் கடல் உணவும் கறியும் இல்லாமல் வரச் சொல்லுங்கள். முடியாதவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம், கடைசியாக மீன் சாப்பிட்ட நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். பௌர்ணமி, அமாவாசை, சனிக்கிழமை என்று சைவ நாள் பார்ப்பவர்களை அடுத்த நாள் காலை அழைப்பது ஒரு நல்ல தந்திரம்.

மருந்துகள் குறுக்கே வருமா?

வரும், மார்க்கர் வேடத்திலேயே வரும். மெட்ஃபார்மின் உடையாமல் அப்படியே சிறுநீரகம் வழியாகப் போகிற மருந்து. சிறுநீரகம் தளரத் தளர ரத்தத்தில் தேங்கும். இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனதும் மருத்துவர் நிறுத்திவிடுவார், பீக் பூஜ்யமாகும். நேர்மின் முறையில் (மூலக்கூறுக்கு நேர்மின்னூட்டம் ஏற்றி அளக்கும்போது) 130.1087 என்ற நிறையில் மலைபோல நிற்கும் அந்தப் பீக்கை, பெயர் தெரியாத கணினி 'நோய் முற்றியதைக் காட்டும் சிறந்த மார்க்கர்' என்று பட்டியலின் உச்சியில் வைக்கும். அது காட்டுவது மருந்துச் சீட்டைத்தான். மெட்ஃபார்மின் சிட்ருலினையும் குறைக்கும் என்பதால் அந்தப் பெயர் வந்தாலும் உஷாராக இருங்கள்.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மருந்துகள் சிறுநீரில் குளுக்கோஸைக் கொட்டவைக்கும், கீட்டோனையும் ஏற்றும். தொடங்கிய சில வாரத்தில் இஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்கி நிற்கும்; அது நோய் முற்றியதல்ல, வடிகட்டிக்குள் அழுத்தம் குறைந்ததன் அடையாளம். இவற்றைப் புதிதாகத் தொடங்கியவரின் முதல் சாம்பிளை மூன்று மாதம் தள்ளி எடுங்கள். பாராசிட்டமால் போட்டாரா என்று கேட்கத் தேவையே இல்லை, சிறுநீர் சொல்லும். கேட்காவிட்டால் படிவத்தில் வராதவை நாட்டு மருந்துப் பொடிகள். தனியாக, பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சிறுநீரில் கிரியாட்டினினால் வகுத்தால் போதுமா?

எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் சர்க்கரைச் சிறுநீரக நோயில் அது நேர்மையான வகுத்தி இல்லை. சதை வற்றிய முதியவரிடம் கிரியாட்டினின் குறைவாக வெளியேறும். வகுத்தால் மற்றதெல்லாம் கூடுதலாகத் தெரியும். ஆஸ்மோலாலிட்டியால் (சிறுநீரில் கரைந்துள்ள பொருட்களின் மொத்தச் செறிவால்) வகுக்கலாம் என்றால், சிறுநீரில் சர்க்கரை கொட்டும்போது அந்தச் சர்க்கரையே அதை ஏற்றிவிடுகிறது. இரண்டு வழியிலும் கணக்கிட்டு, இரண்டிலும் நிற்கிற முடிவை மட்டும் நம்புங்கள். எடுப்பது காலை முதல் சிறுநீரா, இரண்டாவதா என்பதையும் முதலிலேயே முடிவு செய்து எல்லோருக்கும் ஒன்றாக வையுங்கள். சுற்றி, செல்களை நீக்கிய பிறகே உறைய வையுங்கள்.

கரண்ட் போனால்?

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. இங்கே −80 ஃப்ரீசர் வாங்கும்போதே புயலையும் சேர்த்து வாங்குகிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சாம்பிள் நிறைவதற்கு முன் ஒரு நாள் ப்ளக்கைப் பிடுங்கி, −60 டிகிரிக்கு வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்த்து எழுதி, கதவில் ஒட்டுங்கள். காலி இடத்தில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பாட்டில்களை அடுக்கினால் அந்த நேரம் நீளும். ஒவ்வொருவர் சாம்பிளிலும் பாதியை வேறொரு கட்டடத்து ஃப்ரீசரில் வைப்பதுதான் உண்மையான காப்பீடு. ஜெனரேட்டர் இருக்கிறது என்பார்கள். அதில் டீசல் இருக்கிறதா என்று அக்டோபரிலேயே பாருங்கள்.

பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் முறை?

ஒரு நம்பகமான வழி இது. ஐஸ் மேல் உருக்கிய பிளாஸ்மா 100 மைக்ரோலிட்டர். அதில் −20 டிகிரி மெத்தனால் 400 மைக்ரோலிட்டர், டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய, ஒப்பிட்டுப் பார்க்க உதவும் உள்தர அளவைகள் ஏற்கெனவே மெத்தனாலில் கலந்திருக்க வேண்டும். 30 விநாடி வோர்டெக்ஸ், −20இல் ஒரு மணி நேரம், பிறகு 4 டிகிரியில் 14,000 ஜி, 15 நிமிடம். ஜியும் ஆர்பிஎம்மும் ஒன்றல்ல. ரோட்டரின் ஆரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். இங்கே சறுக்கினால் புரதம் முழுதாக அடியில் படியாமல், மெஷினில் பொருட்களைப் பிரிக்கும் குழாயான காலமில் (column) போய் அடைக்கும். மேலே நிற்பதில் 350 மைக்ரோலிட்டர் மட்டும் எடுத்து, இரண்டாகப் பிரித்து, வெற்றிடத்தில் சூடேற்றாமல் உலர்த்துங்கள்.

மறுபடி கரைக்கும் திரவத்தில்தான் புதியவர்கள் இடறுவார்கள். நீரை விலக்கும் பொருட்களைப் பிடிக்கும் சி18 காலமுக்குப் போவது 5 சதவீத மெத்தனால் கலந்த தண்ணீரில், நீரில் எளிதில் கரைபவற்றைப் பிடிக்கும் ஹிலிக் காலமுக்குப் போவது 80 சதவீத அசிட்டோநைட்ரைலில். இரண்டையும் தண்ணீரில் கரைத்துவிட்டால் ஹிலிக்கில் பீக் இரண்டாகப் பிளந்து நிற்கும். காலம் கெட்டுப்போனதென்று புதிது வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

மெத்தனாலால் புரதத்தை வீழ்த்துவதில் ஒரு வசதி உண்டு. பாராகிரெசில் சல்ஃபேட்டும் இண்டாக்சில் சல்ஃபேட்டும் 90 சதவீதத்துக்கு மேல் அல்புமினில் ஒட்டிக்கொண்டு திரிபவை. மெத்தனால் அவற்றைப் பிடுங்கிக் கொடுத்து மொத்த அளவைக் காட்டும். வடிகட்டி முறையில் சுதந்திரமாக இருக்கும் துளி மட்டும்தான் கிடைக்கும். இரண்டு முறையில் வந்த எண்களை ஒப்பிடவே கூடாது.

சின்ன விஷயம் ஒன்று: மார்க்கர் பேனாவில் எழுதிய எண்ணை ஒரு சொட்டு மெத்தனால் துடைத்துவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் இந்தக் கடற்கரைக் காற்றில் குப்பி வியர்த்து, சாதாரண லேபிள் உரியும். உறைநிலைக்கான லேபிளை வாங்குங்கள்.

மெஷினில் எந்த வரிசையில் ஓட்டுவது?

குலுக்கல் முறையில். நோய் முற்றியவர்களை முதல் நாளும் மற்றவர்களை மறுநாளும் ஓட்டினால் உங்களுக்குக் கிடைப்பது திங்களுக்கும் செவ்வாய்க்கும் உள்ள வித்தியாசம். ஒரே நோயாளியின் பல வருடச் சாம்பிள்கள் ஒரே தொகுதிக்குள் வரட்டும், அதற்குள் வரிசை கலைந்திருக்கட்டும். எல்லா சாம்பிளிலிருந்தும் 10 மைக்ரோலிட்டர் எடுத்துக் கலந்த பொதுக் கலவையைத் தொடக்கத்தில் எட்டுப் பத்து முறை செலுத்திக் காலமைப் பழக்குங்கள், பிறகு எட்டு சாம்பிளுக்கு ஒரு முறை செலுத்துங்கள். பொதுக் கலவையிலேயே 30 சதவீதத்துக்கு மேல் ஆடும் பீக்கைத் தயங்காமல் தூக்கி எறியுங்கள். தண்ணீரை மட்டும் பிரித்தெடுத்த வெற்றுச் சாம்பிளும் சில வேண்டும். பிளாஸ்டிக் குப்பியிலிருந்து வரும் பீக்குகளை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

நிறை பொருந்திவிட்டது. பெயர் எழுதிவிடலாமா?

எழுதக் கூடாது. யூரிடினும் சூடோயூரிடினும் ஒரே வாய்பாடு, ஒரே நிறை, 245.0768. யூரிடின் எங்கும் இருப்பது. சூடோயூரிடின்தான் நமக்கு வேண்டியது. யூரிடினில் சர்க்கரையும் யுராசிலும் நைட்ரஜன் வழியாக இணைந்திருப்பதால் மோதவிட்டால் சர்க்கரை எளிதில் கழன்று 113 நிறையில் யுராசில் நிற்கும். சூடோயூரிடினில் அந்தப் பிணைப்பு கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலானது, அவ்வளவு எளிதில் அறாது. தண்ணீரை இழந்து 209 போன்ற துண்டுகள்தான் வரும். 245 என்ற எண்ணைத் தரவுத்தளத்தில் போட்டு முதலில் வந்த பெயரை எடுத்தவர் பாதி நேரம் தப்பான ஆளைப் பிடித்திருப்பார். ஆர்ஜினினின் இரு வடிவங்களான ஏடிஎம்ஏ, எஸ்டிஎம்ஏ இரட்டையர்களும் இப்படித்தான், 203.15இல் இருவரும், ஒருவர் 46ஐயும் மற்றவர் 172ஐயும் விட்டுச் செல்வார். சுத்தமான தரப் பொருளை வாங்கி, உங்கள் மெஷினிலேயே ஓட்டி, வெளிவரும் நேரமும் துண்டுகளும் ஒத்துப்போனால்தான் பெயர் உறுதி. அதுவரை 'உத்தேசப் பெயர்' என்றே எழுதுங்கள்.

என்எம்ஆர் மட்டும் இருக்கிறது. போதுமா?

என்எம்ஆர் என்பது காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறுகளை அறியும் முறை. அளவு துல்லியம், திரும்பத் திரும்ப அதே எண் வரும், சாம்பிளும் கெடாது. ஆனால் குறைந்த செறிவில் இருப்பவை அதன் கண்ணுக்குப் படாது. சூடோயூரிடினைப் பிளாஸ்மாவில் தேடுவதாக இருந்தால் மாஸ் ஸ்பெக் வேண்டும்.

கணக்கில் எங்கே ஏமாறுகிறோம்?

500 பொருட்களை 0.05 என்ற எல்லையில் சோதித்தால் ஒன்றுமே இல்லாவிட்டாலும் 25 'கண்டுபிடிப்புகள்' கிடைக்கும். பல சோதனைகளை ஒன்றாகச் செய்வதால் வரும் இந்தப் பிழையைச் சரிசெய்யும் திருத்தம் இல்லாத அட்டவணையைப் படிக்கவே வேண்டாம். இரண்டு குழுவும் இரண்டு வண்ண வட்டமாக அழகாகப் பிரிந்து நிற்கும் பிஎல்எஸ்-டிஏ படமும் (குழுக்களைப் பிரித்துக் காட்டும் புள்ளியியல் முறையின் படம்) சாட்சி இல்லை. யார் எந்தக் குழு என்ற பெயர்ச்சீட்டுகளைக் கலைத்துப் போட்டு அதே மென்பொருளை ஓட்டுங்கள், அப்போதும் சில சமயம் அழகாகப் பிரியும்.

இதைவிட ஆழமான ஏமாற்றம் இஜிஎஃப்ஆர். சிறுநீரகம் வடிக்கும் எந்தப் பொருளும் வடிகட்டல் குறைந்தால் ரத்தத்தில் ஏறும். முற்றியவர்களையும் ஆரம்ப நிலையினரையும் ஒரே நாளில் ஒப்பிட்டு '80 மார்க்கர் கண்டோம்' என்றால், கிரியாட்டினினுக்கு 80 சொந்தக்காரர்களைக் கண்டதாகத்தான் அர்த்தம். தொடக்க நிலை இஜிஎஃப்ஆர், அல்புமின், வயது, ரத்த அழுத்தம், ஹெச்பிஏ1சி எல்லாவற்றையும் புள்ளியியல் கணக்கில் சேர்த்த பிறகும் அந்தப் பொருள் நிற்கிறதா? வேறொரு ஊர் நோயாளிகளிடமும் நிற்கிறதா? அதுவரை கொண்டாட வேண்டாம்.

'நோய் முன்னேறியது' என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

ஆரம்பத்திலேயே எழுதி வையுங்கள், முடிவு வந்த பிறகு மாற்றாதீர்கள். இஜிஎஃப்ஆர் 40 சதவீதம் விழுந்தது, அல்லது வருடத்துக்கு 5 மில்லிலிட்டருக்கு மேல் தொடர்ந்து சரிவது, அல்லது டயாலிசிஸ். சரிவின் கோணத்தைக் கணக்கிட இரண்டு வருடத்துக்குக் குறையாமல், நாலு அளவாவது வேண்டும். கிரியாட்டினின் முழுக்க ஒரே லேபில், முடிந்தால் என்சைம் முறையில் பாருங்கள். ஜாஃபே முறையில் கீட்டோனும் குளுக்கோஸும் கூடக் கிரியாட்டினின் போல நடிக்கும். நடுவில் லேப் மாறினால் ஒரே ராத்திரியில் நோய் முற்றியதாகவோ குணமானதாகவோ தெரியும். வழியில் மாரடைப்பில் இறந்தவர்களை 'நோய் முற்றாதவர்' பட்டியலில் போடுவது இன்னொரு பொதுப் பிழை.

மார்க்கர் கிடைத்தால் சிகிச்சை மாறுமா?

தானாக மாறாது. மெட்டபோலைட்டுக்குப் பக்கத்து வீடான பெப்டைட் (சிறு புரதத் துண்டு) ஆய்வில் இது தெரிந்தது. சிறுநீர்ப் பெப்டைட்களைக் கொண்ட சிகேடி273 என்ற கணிப்பு, அல்புமின் இயல்பாக இருந்தவர்களில் யாருக்குப் பின்னால் ஏறும் என்று 2020இல் வெளியான பிரையாரிட்டி ஆய்வில் சரியாகவே காட்டியது. ஆனால் அப்படிக் கண்டவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தும் தடுக்க முடியவில்லை. கண்டுபிடிப்பது ஒரு வேலை, தடுப்பது இன்னொரு வேலை. இன்று வேகத்தைக் குறைப்பதாக நிரூபணமானவை ஏசிஇ அல்லது ஏஆர்பி வகை ரத்த அழுத்த மாத்திரைகள், எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்கள் (மேலே சொன்ன டாபாக்ளிஃப்ளோசின் வகை), ஃபினெரினோன், 2024 முதல் செமாக்ளூடைட். இவற்றைத் தொடங்க யாரும் மெட்டபோலைட் புரொஃபைலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆய்வில் சேர்ந்தோம். எங்களுக்கு ரிசல்ட் தருவீர்களா?

கிரியாட்டினின், இஜிஎஃப்ஆர், அல்புமின் விகிதம், ஹெச்பிஏ1சி நான்கையும் ஒவ்வொரு முறையும் தாளில் எழுதித் தர வேண்டும். அது உங்கள் உரிமை, சம்மதப் படிவத்திலும் தமிழில் அப்படியே இருக்க வேண்டும். மெட்டபோலைட் எண்களைத் தருவதில்லை. அவற்றுக்கு இயல்பு அளவு என்று ஒன்று வகுக்கப்படவில்லை, 'சூடோயூரிடின் கூடுதல்' என்ற தாளை எடுத்துக்கொண்டு எந்த மருத்துவரிடம் போனாலும் அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. சிறுநீரில் அல்புமின் முதல் முறையாக 30ஐத் தாண்டியிருந்தால் மட்டும் அடுத்த விசிட் வரை காத்திருக்காமல் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும்.